அத்தை தின்ற முள்ளுவாளை

என் அத்தைக்கு ஊர்கள் எல்லாம் சாப்பாடாகத்தான் ஞாபகத்தில் இருந்தன. வெனிஸ் என்றால் அவளுக்குப் படகோ தண்ணீரோ நினைவுக்கு வராது. கணவாய் மீனின் மையை ஊற்றிக் கிளறிய கன்னங்கரிய சோறுதான் வரும். வியன்னா என்றால் தட்டைவிடப் பெரிதாக, விளிம்புக்கு வெளியே தொங்கிய வறுத்த இறைச்சித் துண்டு. போலந்தில் ஏதோ ஓர் ஊர், அதன் பெயர் மறந்துவிட்டது. அங்கே குடித்த பீட்ரூட் ரசத்தில் மிதந்த பாதி முட்டையை மட்டும் அவள் மறக்கவில்லை. அங்கெல்லாம் என்ன பாடினாய் என்று அப்பா கேட்டால்தான் கொஞ்சம் யோசிப்பாள்.

அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. ஜெர்மனியில் ஓபரா பாடகி. செங்கல்பட்டில் எங்கள் தெருவில் இதை யாருக்கும் விளங்கவைக்க முடியவில்லை. ஒரு முழு நாடகத்தை வசனமே இல்லாமல் பாட்டாகப் பாடுவார்கள், மைக் கிடையாது, ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் அரங்கத்தின் கடைசி வரிசைக்கும் வெறும் தொண்டையால் கேட்கவைக்க வேண்டும் என்று அத்தை விளக்குவாள். "கூத்து மாதிரிதான். ஆனா ஏசி ஹால்ல ஆடுவாங்க" என்று அப்பா சுருக்கமாக முடித்துவிடுவார். கொளவாய் ஏரிப் பக்கத்து வயல்களில் பிறருக்கு நாற்று நட்டுப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. சர்ச்சில் அத்தை பாடியதைக் கேட்ட ஓர் இசை ஆசிரியை அவளைச் சென்னைக்கு அழைத்துப் போய்ப் படிக்கவைத்தார். அங்கிருந்து கடல் தாண்டிப் போய்விட்டாள். பாடுவதற்காக மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் எங்கள் வம்சத்தில் அவள்தான்.

ஆனால் பத்து வருடமாக அவள் மேடையில் கும்பலில்தான் நின்றாள். ஒரு நாடகத்தில் கிராமத்துப் பெண்களில் ஒருத்தி, இன்னொன்றில் கன்னியாஸ்திரீகளில் ஒருத்தி, மற்றொன்றில் சந்தையில் ரொட்டிக் கூடை சுமக்கிறவள். அந்தக் கூடையில் இருந்தது நிஜ ரொட்டி என்பதால் பாடிக்கொண்டே ஒன்றைத் தின்றுவிட்டு ஒரு மாதம் திட்டு வாங்கினாளாம். "இத்தினி வருசமா கும்பல்லயே நின்னுகினு கீறேன்" என்பாள். நாலு பாஷை கற்றுக்கொண்டவளுக்குத் தமிழ் மட்டும் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

எனக்கு ஒன்பது வயது நடந்த டிசம்பரில் அவள் வந்தது விடுமுறைக்காக மட்டும் அல்ல. வேறொரு நகரத்து ஓபரா அரங்கத்தை நடத்துகிற பெரியவர் ஒருவர், வருடா வருடம் முழங்கால் வலிக்கு எண்ணெய்ச் சிகிச்சை செய்துகொள்ள மாமல்லபுரத்துக் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் வந்து தங்குவார். அவருக்கு ஒரு பாடகி தேவைப்பட்டாள், தனியாக முன்னால் நிற்கிறவள். சனிக்கிழமை மாலை அந்த ஹோட்டல் கூடத்தில் விருந்தினர்களுக்காக அத்தை மூன்று பாட்டுப் பாட வேண்டும், அவர் உட்கார்ந்து கேட்பார். பிடித்திருந்தால் வேலை இவளுக்கு. இல்லாவிட்டால் அந்த நகரத்தில் இன்னொருத்தி தயாராகக் காத்திருக்கிறாள். இவ்வளவும் எனக்குத் தெரியும். வீட்டில் வேறு பேச்சே இல்லை.

அந்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டில் எல்லாரும் அத்தையின் தொண்டைக்கு வேலை செய்தோம். அம்மா அடுப்பில் மிளகாய் தாளிப்பதை நிறுத்தினாள், நெடி ஏறினால் இருமல் வருமாம். அடுத்த வீட்டுக்காரர் லொக்கு லொக்கென்று இருமிக்கொண்டு பார்க்க வந்தபோது அவள் தூங்குவதாகச் சொல்லி வாசலிலேயே அனுப்பிவிட்டார்கள். எனக்கு லேசாக மூக்கு ஒழுகியது என்பதற்காக இரண்டு நாள் என் படுக்கையைச் சமையலறைக்கு மாற்றினார்கள். அப்பா மறைமலைநகரில் ஒரு கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தார். அத்தைக்குக் கண்டதையும் தின்னும் ஆசை உண்டு என்பது தெரிந்தவர் என்பதால், கம்பெனி பஸ் பிடிக்கக் கிளம்புமுன் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"அத்த பின்னாலயே இருக்கணும். வெளில ஒண்ணும் துன்னக் கூடாது. துன்னா எங்கிட்ட வந்து சொல்லு. அந்தத் தொண்டைக்கு எதுனா ஆச்சு, உன்னதான் கேப்பேன்."

அப்பா விளையாட்டாகச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அத்தையின் தொண்டையை என் பொறுப்பில் விட்டுவிட்டார்கள் என்று ஒரே சமயத்தில் பெருமையாகவும் பயமாகவும் இருந்தது.

வியாழக்கிழமை, பாடப்போகும் கூடத்தைப் பார்த்துவர அத்தை மாமல்லபுரம் கிளம்பினாள். பள்ளிக்கூடம் லீவு, காவலுக்கு நானும் போனேன். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு, ஜன்னலை மூடிவிட்டு, ஒழுங்காகத்தான் வந்தாள். ஹோட்டல் கூடத்தின் நடுவில் நின்று கையைத் தட்டிப் பார்த்தாள், சத்தம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனித்தாள். எல்லாம் திருப்தி. அப்படியே திரும்பியிருந்தால் எங்களுக்கு ஒரு குறையும் வந்திருக்காது. கடலைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றாள்.

மீனவர் குப்பத்துப் பக்கம், மணலில் ஏற்றி வைத்த படகுகளுக்கு நடுவே நீலத் தார்ப்பாய் கட்டி ஓர் அம்மாள் மீன் வறுத்துக்கொண்டிருந்தார். சுற்றுலா வந்தவர்களுக்காக மசாலா தடவிய வஞ்சிரத் துண்டுகள் தட்டில் அடுக்கியிருந்தன. அத்தையின் கண் அதில் நிற்கவில்லை. பின்னால் ஒரு மண்சட்டி மூடியிருந்தது. அதிலிருந்து வந்த வாசனைக்கு அவள் மூக்கு விரிந்ததை நான் பார்த்தேன்.

"அதுல இன்னாக்கா கீது?"

"அது எங்களுக்கு ஆக்குனதும்மா. முள்ளுவாளக் கொழம்பு. ஒரே முள்ளு. உங்களுக்கு ஆவாது, வஞ்சிரம் துன்னுங்க."

"பதிமூணு வருசம் ஆச்சுக்கா அதத் துன்னு" என்று சொல்லிக்கொண்டே அத்தை மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன். அப்பா சொன்னதை ஞாபகப்படுத்தினேன். சாப்பாட்டில் காரம் இருக்கும், எண்ணெய் இருக்கும் என்று எனக்குத் தெரிந்த அபாயங்களை எல்லாம் ஒப்பித்தேன். "இன்னிக்கு வியாழன் தானடி, பாட்டு சனிக்கெழம" என்றாள் அத்தை. அந்த அம்மாள் அதற்குள் இரண்டு தட்டில் சோறு போட்டுக் குழம்பை ஊற்றிவிட்டார். என் கட்டுப்பாடும் அத்தோடு சரி. நானும் மீன் தின்கிற சாதிதானே, வாய் ஊறிவிட்டது.

இரண்டாவது கவளத்திலேயே அத்தைக்குத் தடுமாற்றம் வந்தது. முள்ளுவாளை அப்படிப்பட்ட மீன். சதை வெண்ணெயாக இருக்கும், அதற்குள் நூலைப் போன்ற முட்கள், அவையும் நுனியில் இரண்டாகப் பிரிந்தவை. எங்கள் பக்கத்துக்காரர்கள் சோற்றையும் சதையையும் உள்ளே அனுப்பிவிட்டு முள்ளை மட்டும் நாக்கு நுனிக்குக் கொண்டுவந்து துப்பிவிடுவார்கள், பேசிக்கொண்டே. பதிமூன்று வருடமாக முள் நீக்கிய மீனைக் கத்தியால் அறுத்துத் தின்ற அத்தையின் நாக்குக்கு அந்த வேலை மறந்துபோயிருந்தது. வாய்க்குள் விரலைவிட்டு ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பாவமாக இருந்தது.

"குடு அத்த, நான் எடுத்துத் தரேன்" என்றேன்.

மீனில் முள் எடுப்பதில் நான் எங்கள் வீட்டில் பேர் வாங்கியவள். அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. துண்டைப் பிரித்து, நடு முள்ளை உருவி, சதையை விரல்களால் நசுக்கிப் பார்த்து, சோற்றில் பிசைந்து அவள் தட்டின் ஓரத்தில் வைத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். தின்றுகொண்டே, வடக்கே ஒரு துறைமுகத்தில் பச்சை மீனை வாலைப் பிடித்துத் தூக்கி, தலையை அண்ணாந்து அப்படியே வாய்க்குள் இறக்கித் தின்பார்களாம், அந்தக் கதையைச் சொன்னாள். எப்படி என்று வெறுங்கையால் செய்தும் காட்டினாள். நான் வாயைப் பிளந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் விரல்கள் மட்டும் பிசைந்துகொண்டிருந்தன. அந்தக் கவளத்தை நசுக்கிப் பார்த்தேனா இல்லையா என்று அதன் பிறகு ஆயிரம் தடவை யோசித்திருக்கிறேன், ஞாபகம் வரவில்லை.

அத்தை விழுங்கினாள். சிரிப்பு அப்படியே நின்றது. கை கழுத்துக்குப் போனது.

வெறுஞ்சோற்றை உருட்டிக் கொடுத்து மெல்லாமல் விழுங்கச் சொன்னார் அந்த அம்மாள். அத்தை நாலு உருண்டை விழுங்கினாள். நான் ஓடிப்போய்ப் பெட்டிக்கடையில் வாழைப்பழம் வாங்கி வந்தேன், அதையும் விழுங்கினாள். ஒவ்வொரு முறையும் அவள் கண்ணில் தண்ணீர் நிறைந்தது. "போயிடுச்சா?" என்று கேட்டேன். தலையை ஆட்டினாள், ஆமாம் என்பது போலவும் இருந்தது, இல்லை என்பது போலவும் இருந்தது. "நான்தான் சொன்னனே முள்ளு மீனுன்னு" என்று அந்த அம்மாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

பஸ் ஸ்டாண்டில் அத்தை என் முன்னால் குனிந்து நின்றாள். குரல் இருந்தது, ஆனால் மெதுவாக, யாருக்கோ பயந்து பேசுவதாக இருந்தது. "வூட்ல சொல்லாத கண்ணு. அம்மாகிட்டயும் சொல்லாத. சத்தியம் பண்ணு." நான் சத்தியம் பண்ணினேன். அப்பாவிடம் திட்டு வாங்கப் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் அதே பயம் இருந்ததால் சத்தியம் செய்வது சுலபமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அத்தை பேசவில்லை.

பல் தேய்த்துவிட்டு வந்தாள், உட்கார்ந்தாள், அம்மா ஏதோ கேட்டதற்குக் கையால் பதில் சொன்னாள். எனக்கு உள்ளங்கால் சில்லிட்டுப் போனது. அம்மாவோ சாதாரணமாக இட்லித் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். "பாட்டுக்கு மொத நாள் பேச மாட்டாங்களாம். தொண்டைக்கு ரெஸ்ட்டு. போன தடவயும் அப்படித்தான் இருந்தா. நீ போய்த் தொணதொணன்னு பேசாத" என்றாள். அப்பாவும் அதைக் கேட்டுப் பெருமையாகத் தலையசைத்தார். அங்கே பெரிய பாடகர்கள் எல்லாரும் பாடுவதற்கு முந்தின நாள் மௌனமாக இருப்பது வழக்கம்தான், அது உண்மை. அதனால்தான் அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவள் பேசாமல் இருக்கிறாளா, பேச முடியாமல் இருக்கிறாளா என்ற கேள்வி உலகத்தில் எனக்கு ஒருத்திக்கு மட்டும் இருந்தது.

அவள் இட்லியைத் தொடவில்லை. மத்தியானம் அம்மா குழைய வடித்துத் தந்த மோர்ச் சோற்றில் இரண்டு கரண்டி தின்றாள். எந்த ஊரிலும் சாப்பாட்டை விட்டு எழுந்தவள் இல்லை அத்தை. "டென்சன்" என்றார் அப்பா. நான் அவள் எதிரே உட்கார்ந்து அவள் கழுத்தைப் பார்த்தேன். விழுங்கும்போதெல்லாம் இடது கண் லேசாகச் சுருங்கியது. ஒரு தடவை அல்ல, ஒவ்வொரு தடவையும்.

என் வகுப்பில் ஒரு பெண் சொல்லியிருந்தாள். அவளுடைய மாமாவின் நண்பருக்குத் தொண்டையில் சிக்கிய முள் நாளுக்கு ஒரு விரற்கடை கீழே இறங்கி, நெஞ்சுக்குள் போய்க் குத்தி ஆள் செத்துவிட்டாராம். அப்போது நான் அதை நம்பவில்லை. இப்போது விரற்கடைகளை எண்ணிப் பார்த்தேன். அத்தையின் தொண்டைக் குழிக்கும் நெஞ்சுக்கும் நடுவே அதிக தூரம் இல்லை. குரல் போவது ஒரு பக்கம் இருக்கட்டும், அத்தையே போய்விடுவாள் என்ற எண்ணம் வந்ததும் எனக்கு மூத்திரம் முட்டியது. பாத்ரூமில் போய் உட்கார்ந்து சத்தம் வராமல் அழுதேன்.

அம்மா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், டார்ச் அடித்துப் பார்ப்பாள், டாக்டரிடம் கூட்டிக்கொண்டு ஓடுவாள். பிற்பகல் டூட்டிக்குக் கிளம்பி வெள்ளைப் புடவைக்கு ஊக்குக் குத்திக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன்.

"இன்னாடி?"

"ஒண்ணுமில்ல."

மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் ஒண்ணுமில்ல. சத்தியத்தை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு ஞாயிறு பள்ளியில் நிறையக் கதைகள் சொல்லியிருந்தார்கள், அவற்றில் யாரும் நல்ல கதிக்குப் போகவில்லை. கடைசியில் என் ரஃப் நோட்டை எடுத்துக்கொண்டு அத்தையிடம் போனேன். 'முள் இருக்கா' என்று எழுதி நீட்டினேன். அவள் அதைப் படித்தாள். பிறகு பென்சிலை வாங்கி 'போயிடுச்சு' என்று எழுதினாள். எழுதிவிட்டு அந்தத் தாளைக் கிழித்து நாலாக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். போய்விட்ட முள்ளுக்காகத் தாளை ஏன் கிழித்தாள் என்று யோசித்து யோசித்து என் பயம் இரண்டு மடங்கானது.

சனிக்கிழமை சாயங்காலம் ஹோட்டல் அனுப்பிய காரில் நாலு பேரும் போனோம். கூடத்தில் நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள், பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். சென்னையிலிருந்து பியானோ வந்திருந்தது, வாசிக்க ஒருவரும் வந்திருந்தார். முதல் வரிசையில் அந்தப் பெரியவர் முழங்காலை நீட்டிக்கொண்டு, கையில் ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். அத்தை கரும்பச்சைப் புடவை கட்டியிருந்தாள். இரண்டு நாளாக அவள் வாயிலிருந்து ஒரு சத்தத்தையும் நான் கேட்கவில்லை. வழக்கமாகப் பாடுமுன் பக்கத்து அறையில் குரலை ஏற்றி இறக்கிப் பழகுவாளாம். அன்று அதையும் செய்யவில்லை.

அவள் வாயைத் திறக்கும்போது நான் தரையைப் பார்த்தேன். தரையில் சதுரக் கல் பதித்திருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். அப்போது குரல் வந்தது.

அது அத்தையின் குரல் என்று நம்ப முடியவில்லை. அவ்வளவு பெரிய சத்தம் அந்த உடம்புக்குள் எங்கே இருந்ததோ தெரியவில்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்ததை விரலால் தொட்டுப் பார்த்தேன். எல்லாரும் அழகு என்று சொக்கிப்போய் உட்கார்ந்திருக்க, நான் மட்டும் அந்தக் குரல் ஏறும் ஒவ்வொரு படியிலும் செத்துப் பிழைத்தேன். இன்னும் மேலே போனால் முள் திரும்பிக் குத்தும், ரத்தம் வரும், எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். போதும் அத்தை, போதும் அத்தை என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் நிறுத்தவில்லை. மூன்று பாட்டையும் பாடினாள். மூன்றாவதின் முடிவில் ஓர் இடத்தில் மேலே போய் அப்படியே நின்றாள், நான் காதைப் பொத்திக்கொண்டேன். கையை எடுத்தபோது கைதட்டல் கேட்டது. அந்தப் பெரியவர் முழங்கால் வலியோடு எழுந்து நின்றிருந்தார். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. பெரியவர் எங்களை எல்லாம் சாப்பாட்டுக்கு உட்காரச் சொன்னார்.

பாடுவதற்கு முன்னால் பட்டினி, பாடி முடித்ததும் வயிறு வெடிக்கச் சாப்பாடு. அதுவும் அவர்களுடைய வழக்கமாம். அத்தையின் ஞாபகத்தில் இருந்த பெரிய சாப்பாடுகள் எல்லாம் அப்படி வந்தவைதான். சாப்பாட்டில் பெரியவரும் அவள் இனமே. இறால், நண்டு, வாழை இலையில் சுட்ட மீன், கறிப் பொரியல் என்று மேசையே தெரியாமல் வரவழைத்துவிட்டார். ஹோட்டல் மேனேஜர், தமிழர், எங்களுக்கு மொழிபெயர்க்க உடன் உட்கார்ந்தார். "நல்லாச் சாப்பிடாத பாடகிய நம்ப மாட்டேன்னு சொல்றாரு" என்று சிரித்தார். வேலை உறுதி என்றும், நாலு வாரத்தில் புறப்பட்டு வர முடியுமா என்று கேட்கிறார் என்றும் சொன்னார். அப்பா என் தலையைத் தடவிக்கொடுத்தார்.

பெரியவர் தன் கையாலேயே மீனின் நல்ல பாகத்தைப் பெயர்த்து அத்தையின் தட்டில் வைத்தார். முள் இல்லாத மீன். அத்தை அதை வாயில் போட்டாள். மென்றாள். அவர் ஏதோ கேட்டார், சிரித்துத் தலையசைத்தாள். மென்றாள். எல்லாரும் அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்கள். அவள் மென்றுகொண்டே இருந்தாள். பிறகு தண்ணீரை எடுத்து வாயில் ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். முகம் முழுவதும் வேர்த்துவிட்டது. பெரியவர் இன்னொரு துண்டைப் பெயர்த்தார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சத்தியம், ஞாயிறு பள்ளி எல்லாம் பறந்துவிட்டது.

"அவங்களுக்குக் குடுக்காதீங்க" என்று கத்தினேன். "அத்த தொண்டைல முள்ளு கீது. வியாழக்கெழம மாட்டுனது. நான்தான் சரியா எடுக்கல. அத்த செத்துப் பூடும்."

 பெரியவர் என்னைப் பார்த்தார், பிறகு மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் அத்தையைப் பார்த்தார். மேசைக்கு அடியில் என் மணிக்கட்டை அத்தை பிடித்தாள், நகம் பதியும்படி. முகத்தில் சிரிப்புக் குறையவே இல்லை. முதலில் பெரியவரிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னாள். அவர் அடடா என்பதுபோல என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு அப்பா பக்கம் திரும்பி இரண்டு நாளில் முதல் தடவையாகத் தமிழில் பேசினாள்.

"இன்னா முள்ளு? அன்னிக்கு நான் மீனே துன்னலியே. கொழந்த தூக்கத்துல எதையோ ஒளறுது அண்ணா."

குரல் கரகரவென்றிருந்தது. மூன்று பாட்டுப் பாடிய தொண்டை என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். அப்பா என் காதருகே குனிந்து, "வாய மூடு. மானத்த வாங்காத" என்றார். மேனேஜர் தன் தட்டைப் பார்த்துக்கொண்டே, பாப்பாவுக்கு ஐஸ்கிரீம் கொண்டுவரச் சொல்லட்டுமா என்று கேட்டார். அம்மா அத்தையின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு உலகமே புரண்டுவிட்டது. இரண்டு நாள் சோறு தண்ணி இறங்காமல் இவளுக்காகப் பயந்து செத்திருக்கிறேன், என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டாள். ஐஸ்கிரீம் வந்தது. வலது கை அத்தையின் பிடியில் இருந்ததால் இடது கையால் தின்ன வேண்டியிருந்தது. நான் கையை இழுத்துப் பார்த்தேன், அவள் விடவில்லை. இன்னும் ஒரு வார்த்தை பேசினால் தொலைத்துவிடுவேன் என்று மிரட்டுகிறாள் என்று நினைத்தேன். ஐஸ்கிரீமில் என் கண்ணீரும் மூக்குச் சளியும் விழுந்தன.

ஞாயிறு விடிந்ததும் அம்மா யாரிடமும் சொல்லாமல் அத்தையை ஆட்டோவில் ஏற்றித் தன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மத்தியானம் திரும்பி வந்தபோது பஞ்சுக்குள் வைத்துக் கொண்டுவந்து காட்டினாள். நகத்துண்டு அளவு முள், நுனி இரண்டாகப் பிரிந்தது. அடிநாக்கின் பக்கவாட்டில் குத்தி, சுற்றிலும் சீழ் கோத்திருந்ததாம். இதோடு பாடினார்களா என்று டாக்டர் இரண்டு தடவை கேட்டாராம். அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை, அதனால் சாயங்காலம் எனக்கு ஒரு பரோட்டாப் பொட்டலம் வந்தது. அத்தை ஆறவைத்த ரசஞ்சோற்றை நாலு தடவை வாங்கித் தின்றாள். "கொழம்பு மட்டும் சூப்பரா இருந்துச்சுடி" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அத்தை முன்னால் நிற்கப் போய்விட்டாள். இன்றுவரை நிற்கிறாள். ஊர் ஊராகப் போகிறாள், ஒவ்வோர் ஊரிலிருந்தும் ஒரு தட்டின் படம் வாட்ஸ்அப்பில் வரும், ஊரின் படம் வராது. வெகுகாலம் நான் அவற்றுக்குப் பதில் போடவில்லை. அவள் பேசுகிறாள் என்று போனைக் கொடுத்தால் படிக்க இருக்கிறது என்று நழுவிவிடுவேன். முள் மாட்டியது தெரிந்தால் பெரியவர் அந்த இன்னொருத்தியை எடுத்துக்கொள்வார் என்பதற்காகத்தான் மறைத்தாள் என்பது பத்தாவது படிக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அம்மாவுக்குத் தெரிந்தால் டாக்டர், டாக்டருக்குத் தெரிந்தால் பாட்டு இல்லை, அதற்காகத்தான் சத்தியம். அதுவும் புரிந்தது. புரிந்தும் கோபம் போகவில்லை. அவளுக்கு அவள் வேலைதான் பெரிது என்று முடிவுகட்டி வைத்திருந்தேன்.

இப்போது எனக்கு முப்பதை நெருங்குகிறது. அன்றைக்கு அத்தைக்கு இருந்ததைவிட நாலைந்து வயதுதான் குறைவு. இரண்டு நாள் அந்த வீட்டில் ஒரே முள்ளுக்காகப் பயந்தவர்கள் இரண்டு பேர். எனக்காவது பாத்ரூமில் போய் அழ முடிந்தது. அவளோ குரல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கக்கூடத் துணியாமல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேசையில் நான் கத்தியபோது பிடித்த கையை அவள் சாப்பாடு முடிந்தும் விடவில்லை, காரில் ஏறியும் விடவில்லை, வீட்டு வாசலில் அம்மா என்னைத் தூக்கிக்கொள்ளும்வரை விடவில்லை. மிரட்டுகிறவர்கள் அவ்வளவு நேரம் பிடித்திருக்க மாட்டார்கள் என்பது ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை.